விடாப்பிடிப் பசை

“என்னத்தப் போட்டா விடாது?” என்று கேட்டார் கஸ்பார்.

ஜெசிந்தா தன் பட்டறையில் ஒரு எஞ்சினுக்கு அடியில் படுத்திருந்தாள். தலையை வெளியே எடுக்கவில்லை.

“எது விடக்கூடாது?”

“பிளக்கு.”

“எந்த பிளக்கு?”

“தெரியாத மாதிரி கேக்கியே மேஸ்திரி. ஊருக்கே தெரியும்.”

ஊருக்குத் தெரியும்தான். எங்கள் படகுத்துறையில் ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் அடுத்த தெருவில் உப்புச் சொல்வார்கள்.

கஸ்பாருக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு. அதன் எஞ்சினிலிருந்து கிளம்பும் புகைக்குழாய் ஓரிடத்தில் முழங்கை மாதிரி மடங்கும். மெக்கானிக்குகள் அதை எல்போ என்பார்கள். எல்போவின் அடிவயிற்றில் ஒரு துளை, துளையில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு இரும்புத் திருகு. அதுதான் பிளக்கு.

கடல் கொந்தளித்தால் புகைபோகிற வழியாகவே தண்ணீர் திரும்பி வந்து எல்போவில் தேங்கும். அப்படியே கிளப்பினால் எஞ்சின் போய்விடும். அதனால் ஒவ்வொரு நாளும் கிளப்புமுன் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும், மறுபடி முடுக்க வேண்டும். தண்ணீர் வெளியே வரவேண்டும், புகை வெளியே வரக்கூடாது. அந்த இரும்புத் துண்டுக்கு வேறு வேலை இல்லை.

போன பருவத்தில் அந்தப் பிளக்கைச் சுற்றிக் கொஞ்சம் கரி கசிந்தது. கஸ்பார் வீட்டுக் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பைச் சுற்றி முடுக்கினார். கரையில் நின்றவரை கசியவில்லை. நடுக்கடலில் எல்போ பழுக்கக் காய்ந்தபோது டேப் கருகிப் புகை கசிந்தது.

அன்றைக்கு மழை. படகின் சமையல்காரன் சிலுவை, எஞ்சினை ஒட்டிய படுக்கையறையில் கதவையும் சாளரத்தையும் அடைத்துக்கொண்டு படுத்திருந்தான். மேலே வீல் பிடித்திருந்த கஸ்பார், காப்பி கேட்டுக் கத்தினார். பதில் இல்லை. மறுபடி கத்தினார். பிறகு இறங்கிப் போனார்.

அவனைத் தோளில் போட்டு மேல்தட்டுக்கு ஏற்றியது கஸ்பார்தான். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். சிலுவை பிழைத்துக்கொண்டான். கஸ்பார் அதன் பிறகு வீலைத் தொடவில்லை.

இப்போது மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிறது. வேறு டிரைவர் வந்தால் நாங்கள் ஏற மாட்டோம் என்று படகில் உள்ளவர்கள் சொல்லிவிட்டார்கள். கஸ்பாரோ படகை விற்க ஆள் பார்த்து வைத்திருந்தார்.

“விடவே விடாதுன்னு ஒரு சாமான் கிடைச்சா வீலைப் பிடிப்பேன்,” என்றார். “இல்லேன்னா வித்துருவேன்.”

ஜெசிந்தா இப்போது வெளியே வந்தாள். அவளுக்கு முப்பது தாண்டி இரண்டோ மூன்றோ இருக்கும். கையில் கிரீஸ், கன்னத்தில் கிரீஸ், கழுத்தில் ஜெபமாலை. அதிலும் கிரீஸ்.

“நான் வந்து போட்டுத் தாரேன் மாமா.”

“வேண்டாம். என் கையாலதான் போடணும். சொல்லித் தா.”

“ஏன், என் கையில நம்பிக்கை இல்லியா?”

“உன் கையில இருக்கு. என் கையிலதான் இல்ல.”

அவள் கையைத் துணியில் துடைத்தாள்.

“அப்ப ஒண்ணு செய்யுங்க. டவுனுக்குப் போங்க. எதெல்லாம் விடாதுன்னு கடைக்காரன் சத்தியம் பண்ணுதானோ அம்புட்டையும் வாங்கிட்டு வாங்க.”

*

ஐந்தில் வளையாதது ஐம்பத்தைந்தில் வளைகிறது பார் என்று துறையில் சிரித்தார்கள். அந்த வயதில் பட்டறைக்குப் பாடம் படிக்கப் போகிறவரை, அதிலும் தன் மகள் வயதுக்காரியிடம் போகிறவரை, வேறென்ன செய்வார்கள்? கஸ்பார் கண்டுகொள்ளவில்லை. மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

பை நிறைந்து வந்தது. டியூப், டப்பா, பாட்டில் எல்லாவற்றையும் ஜெசிந்தாவின் மேசையில் கொட்டினார்.

“எல்லாமே விடாதுன்னுதான் சொன்னான்.”

“ஒண்ணு குறையுதே,” என்றாள் ஜெசிந்தா.

தன் மேசை டிராயரைத் திறந்து வெள்ளை டேப்பை எடுத்து வைத்தாள்.

கஸ்பார் ஓர் அடி பின்னால் போனார். சூடு கண்ட பூனைக்கு அடுப்பங்கரை எப்படியோ அவருக்கு அந்த டேப்.

“அந்தச் சனியனை எதுக்கு வெளிய எடுக்க?”

“யாரு சனியன்? எங்க வீட்டுக் குழாயில இதுதான் இருக்கு. ஒரு சொட்டு ஒழுகினதில்ல.”

பட்டறையில் கழித்துப் போட்ட ஒரு பழைய எல்போ கிடந்தது. அதன் பிளக்கில் டேப்பைச் சுற்றி முடுக்கினாள். கேஸ் வெல்டிங் தீயை மூட்டி இரும்பில் காட்டினாள். டேப் சுருண்டது, ஒடுங்கியது, மஞ்சளாகிக் கருத்தது.

“மூச்ச அடக்குங்க,” என்று தீயை அணைத்து, கஸ்பாரின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

வாசலில் நின்றார்கள். உள்ளே நாற்றம் போகட்டும் என்று காத்திருந்தார்கள்.

“பாத்தியா?” என்றார் கஸ்பார். “பாவி டேப்பு.”

“அது தண்ணிக்காரன் மாமா. தீக்குள்ள வச்சா அவன் என்ன செய்வான்?”

கஸ்பார் தரையைப் பார்த்தார்.

*

அடுத்தது ஒரு பாட்டிலில் இருந்த நீலத் திரவம்.

“டீசல் குழாய்க்கு இதுக்கு மிஞ்சினது இல்ல,” என்றாள் ஜெசிந்தா.

தீயைக் காட்டியதும் அது புகைந்து வழிந்தோடியது.

அடுத்தது சிவப்பு சிலிக்கான். ரொம்ப நேரம் தாக்குப்பிடித்தது. கஸ்பாரின் முகம் மலர்ந்தது. ஜெசிந்தா தீயைக் கூட்டினாள். சிவப்பு வெளுத்தது, விரலால் தட்டியதும் மாவாக உதிர்ந்தது.

“எஞ்சின் மூடிக்கு இது தங்கம். எல்போ சூடு இதுக்கு ஆகாது.”

“எதைக் கேட்டாலும் நல்லதுன்னு சொல்லுத. பின்ன எதுதான் கெட்டது?”

“ஒண்ணும் கெட்டது இல்ல.”

“பின்ன சிலுவைக்கு எப்படி அப்படி ஆச்சு?”

அவள் தீயை அணைத்தாள். அடுப்பில் காப்பி போட்டு அவர் கையில் கொடுத்தாள். கருப்பட்டிக் காப்பி. கஸ்பார் அதை வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சிலுவை பட்டறைக்கு வந்தான். கையில் ஒரு தூக்குச்சட்டி. அவன் சிரித்தால் பட்டறை முழுக்கக் கேட்கும். முன்பும் அப்படித்தான், பிழைத்து வந்த பிறகும் அப்படித்தான்.

“அண்ணே, வீட்டுக்குப் போனேன், நீ இல்ல. இங்கன இருக்கன்னு சொன்னாவ. பவுலா குடுத்துவிட்டா. சாளை மீன் குழம்பு.”

பவுலா அவன் மனைவி. அவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள்முதல் ஞாயிறு தவறாமல் குழம்பு கொடுத்துவிடுகிறாள். கஸ்பார் மனைவியை இழந்த தனிக்கட்டை. பச்சரிசிக் கஞ்சியும் ஊறுகாயுமாக ஓட்டுகிறவர். ஆனால் அந்தத் தூக்கை ஒருநாளும் வாங்கியதில்லை.

“எடுத்துட்டுப் போலே.”

“சூடா இருக்குண்ணே.”

“போன்னு சொல்லுதம்லா.”

சிலுவையின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் நிற்கவில்லை. “சரிண்ணே, அடுத்த வாரம்,” என்று சொல்லிவிட்டுத் தூக்கோடு திரும்பிப் போனான்.

ஜெசிந்தா ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

“ஏன் வாங்கல?”

“நன்றி சொல்லுதான் எனக்கு. காப்பாத்துனேனாம்.” கஸ்பார் வாசலைப் பார்த்தார். “அந்த டேப்பு சுத்துனது யாரு?”

“நீங்க.”

“அப்புறம்?”

“தோள்ல போட்டுத் தூக்குனது யாரு?”

“நான்தான். ரெண்டும் நான்தான். அவன் ஒண்ண மட்டும் பாக்கான்.”

“நீங்களும் ஒண்ண மட்டும்தான் பாக்கிய,” என்றாள் ஜெசிந்தா. “வாங்க, இன்னும் ஒரு டப்பா பாக்கி இருக்கு.”

*

கடைசி டப்பாவில் இருந்தது களிமண் மாதிரி ஒரு சாமான். செங்கல் சூளை, புகைபோக்கி எல்லாவற்றுக்கும் பூசுவார்களாம். தீயில் வைக்க வைக்க இறுகுமாம்.

கஸ்பாரே பிளக்கில் அப்பினார். துளையிலும் அப்பினார். முடுக்கினார். வெளியே வழிந்ததை விரலால் வழித்து, அதையும் சுற்றிலும் பூசினார். பொங்கல் பானைக்குக்கூட அப்படிப் பூசமாட்டார்கள்.

ஜெசிந்தா தீயைக் காட்டினாள். கூட்டினாள். எல்போ சிவந்தது. களிமண் அசையவில்லை. கல்லாகிவிட்டது.

கஸ்பார் கையைத் தட்டினார். ரொம்ப நாளைக்குப் பிறகு துறையில் அவர் கைதட்டி அன்றைக்குத்தான் பார்க்கிறோம்.

“இதுதான் மேஸ்திரி! இதத்தான் தேடினேன். செத்தாலும் விடாது.”

“விடாது,” என்று ஒத்துக்கொண்டாள் ஜெசிந்தா.

இரும்பு ஆறட்டும் என்று விட்டாள். ஆறியதும் சுவரிலிருந்து ஸ்பேனரை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“திறங்க.”

“என்னது?”

“விடியுதுன்னு வச்சுக்கிடுங்க. கடலுக்குக் கிளம்புதிய. ராத்திரி பூரா அலை. எல்போவுல தண்ணி நிக்கி. திறங்க.”

கஸ்பார் ஸ்பேனரை மாட்டி முறுக்கினார். அசையவில்லை. காலை ஊன்றி முறுக்கினார். ஸ்பேனரில் ஒரு குழாயை மாட்டி நீட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, முழுப் பலத்தோடு இழுத்தார்.

சடக்கென்று ஒரு சத்தம்.

பிளக்கு வரவில்லை. எல்போவே விரிசல் விட்டிருந்தது.

கஸ்பார் தரையில் உட்கார்ந்துவிட்டார். கழித்துப் போட்ட இரும்புதான், அவருக்கும் தெரியும். ஆனாலும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் படகின் எல்போ நடுக்கடலில் பிளந்து கிடப்பதைப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

“அப்ப ஒண்ணுமே இல்லியா?” என்றார்.

“உங்க படகு பிளக்க கழத்திக் கொண்டாங்க.”

*

கொண்டு வந்தார். ஒரு துணியில் சுற்றி, தூரமாகப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“இதக் கடல்ல வீசிருதேன். புதுசு வாங்கிக்கலாம்.”

“ஏன்?”

“இதாலதான எல்லாம்.”

ஜெசிந்தா பிளக்கை வாங்கிப் பார்த்தாள். மரையெல்லாம் கரியும் கருகிய டேப்பும் அப்பிக் கிடந்தது.

“டேப்பு சுத்துறதுக்கு முந்தி இதச் சுத்திக் கரி கசிஞ்சதுன்னு சொன்னியல்லா?”

“ஆமா.”

“அப்ப இது சொல்லிட்டுதான இருந்திருக்கு. கசியுது, கவனின்னு.”

“…ஆமா.”

“அதுக்கு நீங்க என்ன செஞ்சிய?”

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். பிளக்கின் வாயை மூட அவருக்கு ஒரு டேப் கிடைத்திருந்தது.

அவள் ஒரு கம்பி பிரஷ்ஷை அவர் கையில் வைத்தாள்.

“தேயுங்க.”

“எதுவரைக்கும்?”

“இரும்பு தெரியறவரைக்கும்.”

தேய்த்தார். கரி கிளம்பியது. டேப்பின் கருகிய நூல்கள் மரையின் பள்ளங்களுக்குள் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. ஊசியால் கிளறி எடுத்தார். டீசலில் நனைத்துத் துடைத்தார். பிறகு படகுக்குப் போய் எல்போவின் துளையையும் அப்படியே சுத்தம் செய்தார். மல்லாந்து படுத்து, முகத்தில் கரி கொட்டக் கொட்ட.

திரும்பி வந்தபோது அவர் கையில் பிளக்கு பளிச்சென்று இருந்தது. மரை தேயவில்லை. ஒரு புரி கூட உடைந்திருக்கவில்லை.

“நல்லாத்தான இருக்கு!” என்றார் ஆச்சரியமாக.

“நல்லாத்தான் இருந்துச்சு.”

ஜெசிந்தா ஒரு சிறிய டப்பாவைத் திறந்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பசை. நிக்கல் பொடி கலந்தது. தீயில் எரியாது, உருகாது. தீக்குச்சி நுனியில் கொஞ்சம் தொட்டு, பிளக்கின் மரையில் மெல்லத் தடவச் சொன்னாள்.

கஸ்பார் விரலில் தொட்டுப் பார்த்தார். வழுக்கியது.

“இது ஒட்டுற சாமான்தான?”

“இல்ல.”

“பின்ன?”

“ஒட்டிக்கிடாம இருக்கிறதுக்கு.”

கஸ்பாருக்குக் கோபம் வந்துவிட்டது. “விளையாடுதியா மேஸ்திரி? நான் விடாத சாமான் கேட்டு வந்தேன். நீ வழுக்குற சாமானத் தார. புகைய எது நிறுத்தும்?”

அவள் பிளக்கை அவர் உள்ளங்கையில் நிறுத்தி வைத்தாள். நுனி ஒடுங்கியும் மேலே போகப்போக அகன்றும் இருந்தது.

“உள்ள போகப் போக இரும்பும் இரும்பும் நெருங்கும். நெருங்கி உக்காந்தா புகைக்கு வழி இல்ல. நடுவுல அழுக்கு இருந்தாத்தான் நெருங்காது.”

கஸ்பார் பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

“எம்புட்டு முடுக்கணும்?”

“திறக்கப் போறது நாமதான்னு நினைச்சுகிட்டு முடுக்குங்க.”

*

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. புகைக்குழாயில் கை வைத்தவர் யாரானாலும், எஞ்சினை ஓடவிட்டு, படுக்கையறைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார வேண்டும். மேல்தட்டில் ஒரு பானை சோறு ஏற்றுவார்கள். சோறு வெந்ததும் கதவைத் தட்டுவார்கள். அவர் எழுந்து வந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டால்தான் படகு கிளம்பலாம்.

போன பருவத்தில் கஸ்பார் அதைச் செய்யவில்லை. சொந்தப் படகு, யார் கேட்பது என்று விட்டுவிட்டார்.

இந்த முறை அவரே அரிசி கழுவிப் போட்டார். அடுப்பைப் பற்றவைத்தார். கீழே இறங்கிப் பிளக்கை முடுக்கினார். எஞ்சினைக் கிளப்பினார். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கையில் எடுத்துக்கொண்டார். பிளக்கின் பக்கத்தில் பிடித்தால், கசிவு இருக்கிற இடத்தில் ஊதுபத்தியின் புகை கலையும். அது ஜெசிந்தா சொல்லிக்கொடுத்தது.

எஞ்சினுக்கும் படுக்கைக்கும் நடுவில் பாதிச் சுவர்தான். கட்டிலில் உட்கார்ந்தபடியே கை நீட்டினால் எல்போ எட்டும்.

“நான் மேல இருக்கேன். சோத்தப் பாத்துக்கிடுதேன்,” என்றாள் ஜெசிந்தா.

“தலை சுத்துனா தட்டுதேன்.”

“தட்டுங்க. கதவுகிட்டதான் நிப்பேன்.”

கஸ்பார் கதவை அடைக்கப் போனபோது ஒரு கை குறுக்கே வந்தது.

சிலுவை. ஒரு கையில் தலையணை, மறு கையில் தூக்குச்சட்டி.

“எங்கலே வார?”

“என் கட்டில் உள்ளதான இருக்கு.”

“வெளிய போ. இது நான் இருக்க வேண்டிய நேரம்.”

“நீ இரு. நான் படுக்கேன்.”

“ஏலே, உனக்குப் புத்தி இருக்கா? உள்ள என்ன ஆகுமோ ஏது ஆகுமோ—”

“நீ இருக்கல்லாண்ணே,” என்றான் சிலுவை.

தூக்கை மூலையில் வைத்தான். தலையணையைப் போட்டான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அதே கட்டில், அதே பக்கம்.

கஸ்பார் மேலே பார்த்தார். ஜெசிந்தா தலையை ஆட்டினாள். வெளியிலிருந்து கதவை இழுத்து அடைத்தாள்.

*

எஞ்சின் ஓடியது. எல்போ காய்ந்தது. காயக் காய இரும்பு கிணுகிணுவென்று சத்தம் போடும். ஒவ்வொரு சத்தத்துக்கும் கஸ்பார் திரும்பிப் பார்த்தார்.

ஊதுபத்தியைப் பிளக்கின் அருகே நீட்டினார். கை நடுங்கியதில் புகை கலைந்தது. கையால்தான் கலைந்ததா, கசிவால்தான் கலைந்ததா தெரியவில்லை.

“சிலுவை.”

பதில் இல்லை.

“லே, சிலுவை!”

பதில் இல்லை. அன்றைக்கும் இப்படித்தான் கூப்பிட்டார். அன்றைக்கும் இப்படித்தான் பதில் இல்லை. கஸ்பார் எழுந்தேவிட்டார். கதவைத் தட்டக் கையைத் தூக்கினார்.

அப்போது சிலுவை குறட்டை விட்டான்.

பெரிய குறட்டை. அந்தக் குறட்டையைப் பற்றிப் படகில் எல்லாரும் புகார் சொல்வார்கள். வலை இழுக்கிறவன் முதல் ஐஸ் உடைக்கிறவன்வரை அவனை ஒருநாளாவது திட்டியிருக்கிறார்கள். கஸ்பாரும் திட்டியிருக்கிறார், செருப்பை எறிந்துகூட இருக்கிறார்.

இப்போது அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். ஒரு குறட்டை முடிந்து அடுத்தது வரும்வரை மூச்சை நிறுத்தினார், வந்ததும் விட்டார். அவர் கண்ணில் நீர் வழிந்தது. யாருக்கு நன்றி சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மாதாவுக்கா, மேஸ்திரிக்கா, அந்தப் பாழாய்ப்போன குறட்டைக்கா? எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டார்.

கை நடுக்கம் நின்றிருந்தது. ஊதுபத்தியை மறுபடி பிளக்கின் அருகே பிடித்தார்.

புகை நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போயிற்று.

*

கதவு தட்டப்பட்டது.

“சோறு வெந்துட்டு மாமா.”

கஸ்பார் கதவைத் திறந்தார். கடற்காற்று உள்ளே வந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு மேலே வந்து, ஜெசிந்தாவின் முன்னால் நின்றார். முகமெல்லாம் ஈரம். துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“கசியல மேஸ்திரி.”

“ம்.”

“ஒரு பொட்டுக்கூடக் கசியல.”

“ம்.”

“எத்தன நாளைக்கு விடாது?”

அவள் பானையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள்.

“நாளைக்குக் காலையில நீங்கதான திறப்பிய,” என்றாள்.

கஸ்பார் ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. பிறகு குனிந்து கீழே இறங்கிப் போனார்.

சிலுவை கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தான்.

“முடிஞ்சிட்டாண்ணே? நல்ல தூக்கம்.”

கஸ்பார் அவனைத் தாண்டிப் போனார். மூலையில் இருந்த தூக்குச்சட்டியை எடுத்தார். மேல்தட்டுக்குக் கொண்டுவந்து, உட்கார்ந்து, மடியில் வைத்து மூடியைத் திறந்தார். சாளை மீன் குழம்பு. மேலே எண்ணெய் படர்ந்திருந்தது.

ஜெசிந்தா வெந்த சோற்றைத் தட்டில் போட்டு நீட்டினாள். கஸ்பார் குழம்பை ஊற்றிப் பிசைந்தார். முதல் வாயை வைத்துவிட்டு ரொம்ப நேரம் மென்றார். சிலுவை அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“நல்லாருக்கு,” என்றார் கஸ்பார். “பவுலாட்ட சொல்லு. ஆனா ஆறிப்போச்சேலே. சூடா குடுத்துவிடக் கூடாதா?”

சிலுவை சிரித்தான். அடுத்த படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“வாராவாரம் சூடாத்தாண்ணே குடுத்துவிடுதா,” என்றான். “நீதான் திறக்கல.”